மூன்று டன் ஜாக்கி

அத்தியாயம் ஒன்பது

கராஜில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு டம்ளர். கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி, அதில் ஒரு பழைய சட்டை. இறந்துபோன மனிதர் எதையும் இரண்டாக வாங்கியதில்லை. விதிவிலக்கு, சுவரில் தொங்கிய இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள். தூக்கிய காருக்குக் கீழே முட்டுக் கொடுக்கும் முக்காலிகள்.

சர்வேயர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் இப்போது சர்வேயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்ட இருபத்திரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலை போய்விட்டது. பெயர் போகவில்லை. இப்போது துப்பறிகிறார். அதிகம் பேர் கூப்பிடுவதில்லை.

"சார், நாலு நிமிஷமா அந்த ஸ்டாண்டையே பாக்கறீங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு."

இது அவருடைய உதவியாளர். வயது நாற்பத்தைந்து. பதினெட்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸை விட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை.

"கொஞ்சம் பேசாம இரு."

"அதுக்கு நீங்க வேற ஆளத்தான் பாக்கணும்."

வாசலில் நின்ற மகள் சிரிக்கவில்லை. அவள் கராஜுக்குள் காலே வைக்கவில்லை. ஆறு மணி நேரப் பயண தூரத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்கிறவள். ஒன்பது நாளாக இங்கேயே இருக்கிறாள். கண்ணுக்குக் கீழே அது தெரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் சர்வேயர். "சுருக்கமா."

"போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. அப்பா கார் அடியில படுத்து ஏதோ பாத்துட்டு இருந்திருக்காரு. ஜாக்கி இறங்கிடுச்சு. பக்கத்து வீட்டு மாமா, தண்ணி கேன் போடற தண்ணிக்காரர், நாலு மணிக்கு வந்து பாத்துட்டு போலீஸுக்குச் சொன்னாரு. டாக்டர் பன்னண்டு மணிக்குள்ளயே உயிர் போயிருக்கும்னாரு. போலீஸ் விபத்துன்னு எழுதிட்டாங்க."

"நீ நம்பல."

"அப்பா முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். தூக்கி நிக்கிற எதுக்குக் கீழயும் முட்டு இல்லாம தலையை நீட்ட மாட்டாரு. என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்போதுகூட முட்டுக் குடுத்துட்டுத்தான் கை வெப்பாரு. அந்த மனுஷன் ஸ்டாண்டைச் செவத்துல தொங்கவிட்டுட்டுக் கீழ போய்ப் படுத்தாருன்னா..."

அவள் நிறுத்தினாள்.

"பதினொண்ணு நாப்பதுக்கு எனக்குப் போன் பண்ணாரு. நான் எடுக்கல. வேலையா இருந்தேன்னு சொல்ல மாட்டேன். சும்மாதான் இருந்தேன். எடுக்கத் தோணல. வேணும்னே படுத்தாரா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலைல நான் கிளம்பணும்."

சர்வேயர் தலையாட்டினார். ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

கார் நான்கு சக்கரத்தில் நேராக நின்றது. பழைய வண்டி, நீல நிறம், தரையோடு தரையாகப் படுத்த உருவம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஒர்க்‌ஷாப் ஆள் கழற்றியிருந்த முன் டயரை மாட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சுவரோரம் போலீஸ் விட்டுப்போன ஜாக்கி. சக்கரம் வைத்த நீளமான டிராலி ஜாக்கி. பளபளவென்று சிவப்பு. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் மூன்று டன் என்று போட்டிருந்தது.

"மூணு டன்னா?" என்றாள் சைரன். "இந்தக் காரு ஒரு டன் தேறாது. மிச்ச ரெண்டு டன்னு யாருக்கு, மாமியார் வீட்டுக்கா?"

"அதைக் காருக்கு அடியில தள்ளு."

சைரன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ஜாக்கி சாவகாசமாக நகர்ந்தது. "அம்மாடி. நான் தூக்குன பேஷன்ட் பாதிப் பேரு இதைவிட லேசு." காரின் பக்கவாட்டில், தூக்க வேண்டிய இடத்துக்கு நேராக வைத்துத் தள்ளினாள்.

டங்.

ஜாக்கியின் தலைத்தட்டு காரின் அடி விளிம்பில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினாள். மறுபடி டங்.

"முழுக்க இறக்கிட்டியா?"

"இதுக்கு மேல இறக்கணும்னா குழி தோண்டணும் சார்."

சர்வேயர் டேப்பை எடுத்தார். காரின் அடி விளிம்பு தரையிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர். ஜாக்கியின் தலை, முழுக்க இறங்கிய நிலையில், பதினைந்து.

"இந்த ஜாக்கி இந்தக் காரைத் தூக்கல" என்றார். "தூக்கியிருக்கவே முடியாது."

வாசலில் மகள் நிமிர்ந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சைரன். "வண்டியோட வர்ற குட்டி ஜாக்கியால கொஞ்சம் தூக்கிட்டு, அப்புறம் இந்தக் குண்டனை உள்ள தள்ளியிருக்கலாமே?"

"நல்ல கேள்வி. டிக்கியத் திற."

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, வீல் ஸ்பானர் இருந்தது. குட்டி ஜாக்கிக்கான பள்ளத்தில் தூசி மட்டும் ஜாக்கி வடிவத்தில் விலகியிருந்தது.

"அதையும் யாரோ எடுத்திருக்காங்க" என்றாள் சைரன். குரலில் கிண்டல் இல்லை.

சர்வேயர் முன் இடது டயரருகே குந்தி உட்கார்ந்தார். கழற்றி மாட்டிய டயர் அதுதான். அதன் பக்கச் சுவரில் நேர்கோடாக ஒரு நசுங்கல். கோட்டில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. மற்ற மூன்று டயர்களிலும் அப்படி எதுவும் இல்லை.

"கழட்டின டயரு எங்க இருந்துச்சுன்னு போலீஸ் எழுதியிருக்காங்க?"

"செவத்துல சாத்தியிருந்துச்சுன்னு" என்றாள் மகள். "என்ன அது?"

"ஒரு கோடு. இன்னும் முழுசாப் புரியல. புரிஞ்சதும் சொல்றேன்."

அலமாரியில் லிஃப்ட் கம்பெனி கொடுத்த டைரி ஒன்று கிடந்தது. நடுவில் ஒரு பக்கம் மூலை மடக்கப்பட்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து பெட்டி பெட்டியாக இருந்தது. ஜாக்கி வாங்குவதற்கு முன் ஆறு ஜாக்கிகளைப் பற்றி எழுதி, ஐந்தை அடித்திருந்தார்.

சர்வேயர் வாய்விட்டுப் படித்தார். "ரெண்டு டன். பதினாலு சென்டிமீட்டர். உள்ளே போகாது. அடுத்தது, ரெண்டரை டன். உள்ளே போகும். முப்பத்தோரு கிலோ. அலமாரியிலிருந்து இறக்க இன்னொரு ஆள் வேண்டும்." அவர் பக்கத்தின் அடிக்கு வந்தார். "அலுமினியம். ஒண்ணரை டன். ஒன்பது சென்டிமீட்டர். பதிமூணு கிலோ. இடது கையால் தூக்கிப் பார்த்தேன். தனியாக முடியும்."

கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

"எதுக்கு இடது கை?" என்றாள் சைரன்.

டைரிக்குள் மடித்து வைத்திருந்த பிசியோதெரபி தாளை சர்வேயர் மகளிடம் நீட்டினார். அவள் முதல் தடவையாகக் கராஜுக்குள் வந்தாள்.

"வலது தோள்ல ஆபரேஷன் ஆயிருக்கு" என்றார். "பதினாலு மாசம் முன்னாடி."

அவள் தாளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.



"இப்படிப் பாத்துப் பாத்து வாங்கின ஜாக்கி இங்க இல்ல" என்றார் சர்வேயர். "அவரால தூக்க முடியாத, அவர் காருக்குள்ள போகாத ஒண்ணு இருக்கு. இதை வேற யாரோ வாங்கியிருக்காங்க. அந்த ஆளைப் புடிக்கணும்."

ஜாக்கியின் வயிற்றுப் பக்கம் கடை ஸ்டிக்கர் பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

*

கருவிக் கடை இரண்டு தெரு தள்ளி, லாண்டரிக்கும் பூட்டிக் கிடந்த ஒரு பேங்குக்கும் நடுவில் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆணிகளைச் சைஸ் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு மூணு டன்னா? மறக்குமா? அஞ்சு மாசமா என் கால்ல இடிச்சுட்டு இருந்துச்சு. யாரும் வாங்கல."

"ஏன்?"

"கார் வெச்சிருக்கிறவனுக்கு அது எதுக்கு? இங்க ஜாக்கி கேட்டு வந்தா நான் மொதல்ல வண்டி என்னான்னு கேப்பேன். தரைக்கும் வண்டிக்கும் நடுவுல எவ்வளவு எடம்னு கேப்பேன். அளந்துட்டு வரலன்னா, போய் அளந்துட்டு வாங்கன்னு அனுப்பிருவேன்."

"அப்ப வியாபாரம் எப்படி ஓடுது?" என்றாள் சைரன்.

"நொண்டிக்கிட்டுத்தான் ஓடுது. உனக்கு என்ன வேணும், நீ ஜாக்கி வாங்கற மூஞ்சி இல்லயே?"

"எனக்குப் பதினெட்டு வருஷமா ஸ்ட்ரெச்சர்தான் பழக்கம்."

கடைக்காரம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். சர்வேயருக்குப் போடவில்லை.

"தனக்குன்னு வாங்கறவன் உயரம் கேப்பான், கனம் கேப்பான், தூக்கிப் பாப்பான்" என்றார். "அடுத்தவனுக்கு வாங்கறவன்தான் டன் கேப்பான். அந்தாளு வந்ததும் வராததுமா, உள்ளதுலயே பெருசு எதுன்னாரு. என்ன வண்டின்னேன். வண்டியெல்லாம் எதுக்கு, பெருசாக் குடுங்கன்னாரு. மூணு டன்னைக் காட்டினேன். மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி."

"எப்படி இருந்தாரு?"

"அம்பத்தஞ்சு வயசு. சட்டை பூரா ஈரம். வெளிய வேன் நின்னுச்சு, அதுல தண்ணி கேனு."

சைரன் சர்வேயரைப் பார்த்தாள். சர்வேயர் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக்கு?"

"வாரன்ட்டி கார்டு நகல் இருக்கு. தேதி, நேரம், நம்பர் எல்லாம் எழுதித்தான் குடுப்பேன்." கடைக்காரம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து தேடினார். "இந்தா. சனிக்கிழமை. மதியம் ரெண்டு பத்து."

சைரன் எட்டிப் பிடுங்காத குறையாக வாங்கினாள். படித்தாள். அவள் முகம் மாறியது.

"சார். அவரு பன்னண்டு மணிக்குச் செத்தாரு. அவரை நசுக்கின ஜாக்கிய ரெண்டு பத்துக்கு வாங்கியிருக்காங்க."

"வாங்கினவர் பேரு என்ன போட்டிருக்கு?"

"அதான் சார். செத்தவரு பேரு."

தெருவுக்கு வந்ததும் சைரன் வெடித்தாள். "கொலை சார்! சந்தேகமே இல்ல. ஆளை முடிச்சுட்டு, நேரா கடைக்கு வந்து, அவர் பேர்லயே ஜாக்கி வாங்கி, கொண்டுபோய் வெச்சு, நாலு மணிக்குப் போலீஸுக்குப் போன். என்னா நெஞ்சழுத்தம்! தண்ணி விக்கிற ஆளுக்கு இவ்வளவு ஆழமா?"

சர்வேயர் நடந்துகொண்டே இருந்தார். லாண்டரிக்குள் ஒரு மெஷின் யாருமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார்?"

"வாரன்ட்டி எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

"ஒருத்தரைக் கொன்னுட்டு வர்றவன், அவருக்கு ரெண்டு வருஷம் வாரன்ட்டி வாங்க மாட்டான்" என்றார் சர்வேயர். "ரெண்டு பத்துக்கு அந்தக் கார்டை எழுதின ஆளு, அவர் உயிரோட இருக்காருன்னு நினைச்சுத்தான் எழுதியிருக்காரு."

சைரன் நடையை நிறுத்தினாள். "அப்ப அது என்ன ஜாக்கி?"

"மன்னிப்பு."

*

தண்ணிக்காரரின் முற்றம் முழுவதும் காலிக் கேன்கள். அவர் அவற்றைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பருமனான உடம்பு, வெளுத்த விரல்கள். மகளும் கூட வருவதைப் பார்த்ததும் கையில் இருந்த கேனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வாம்மா. சாப்டியா?"

"இல்ல மாமா."

சர்வேயர் சுற்றி வளைக்கவில்லை. "வேன்ல எத்தனை கேன் இருந்துச்சு?"

"எப்போ?"

"அவரோட அலுமினிய ஜாக்கிய வெச்சு வேனைத் தூக்கினப்போ."

தண்ணிக்காரர் மகளைப் பார்த்தார். பிறகு தரையை. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. சைரன் போய் மூடினாள்.

"எம்பது" என்றார். "இறக்கிட்டுத் தூக்கியிருக்கணும். சோம்பேறித்தனம்."

"தண்ணி மட்டுமே ஒண்ணரை டன்னுக்கு மேல" என்றாள் சைரன். "ஒண்ணரை டன் ஜாக்கி பாவம், என்ன பண்ணும்?"

"எண்ணெயக் கக்கிருச்சு."

அவர் படுதாவை விலக்கினார். வெள்ளி நிறத்தில் சின்ன ஜாக்கி. அடியில் காய்ந்த எண்ணெய்த் திட்டு. பக்கத்தில் காரின் குட்டி ஜாக்கி. இரண்டையும் அவர் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிட்டு வந்தேன். ஜாக்கியும், ரெண்டு ஸ்டாண்டும். காலைல குடுத்துடுறேன்னேன். காலைல ஒடைச்சுட்டேன். அவன் எப்படி அதை வாங்கினான் தெரியுமா? மூணு மாசம் யோசிச்சு வாங்கினான். பதினொண்ணு இருவதுக்குப் போன் பண்ணான். திருப்பித் திருப்பி மூணு தடவை. நான் எடுக்கல. என்னான்னு சொல்றது? புதுசா ஒண்ணு, அதைவிடப் பெருசா வாங்கிக் குடுத்துட்டுப் பேசிக்கலாம்னு நினைச்சேன். தண்ணி போடற லைன் முடிச்சுட்டுக் கடைக்குப் போயி வாங்கினேன்."

"அவருக்குத் தோள் ஆபரேஷன் ஆனது தெரியுமா?"

"நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்." சொல்லிவிட்டு அவரே விழித்தார். "அது... அந்த நேரத்துல ஞாபகம் வரல. பெருசா இருக்கணும்னு மட்டும்தான் தோணுச்சு."

சர்வேயர் தொடர்ந்தார். "ரெண்டு பத்துக்கு வாங்கிட்டு, மூணு மணி வாக்குல வந்திருப்பீங்க."

"ஜாக்கியத் தள்ளிட்டு, ‘டேய் லிஃப்ட்டு, இந்தாடா’ன்னு சத்தம் போட்டுட்டே வந்தேன். குட்டி ஜாக்கி சாஞ்சு கிடந்துச்சு. கார் அவன் மேல."

"டயர் எங்க இருந்துச்சு?"

தண்ணிக்காரர் கவிழ்த்த கேன்களைப் பார்த்தார். சர்வேயர் மகள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோடு கேட்டியே. கழட்டின டயரைப் படுக்கவெச்சு, அதுமேல கார் விளிம்பு இறங்கினாத்தான் அங்க அப்படிக் கோடு விழும். ஸ்டாண்டு இல்லாதப்போ லிஃப்ட் மெக்கானிக் என்ன பண்ணுவாரு? கைல கிடைச்சதை முட்டா வெப்பாரு. டயரைக் கார் அடியில தள்ளி வெச்சுட்டுத்தான் உங்கப்பா கீழ போயிருக்காரு. சாகணும்னு போறவரு அதைச் செய்ய மாட்டாரு."

மகள் கவிழ்த்த கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"டயர் ஓரளவுக்குத் தாங்கியிருக்கு" என்றார் சர்வேயர். "ஓரளவுக்குத்தான்."

"ஏன் மாமா எடுத்தீங்க?" என்றாள் அவள். ரொம்ப மெல்லக் கேட்டாள்.

"டயரு அடியில இருந்தா, ஸ்டாண்டு எங்கன்னு கேப்பாங்க. ஸ்டாண்டு எங்கிட்ட இருந்துச்சு." அவர் கைகளைச் சட்டையில் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் போகவில்லை. "கார் டயர்மேல நின்னதால பெரிய ஜாக்கி உள்ள போச்சு. தூக்கினேன். பாத்தேன். ஆறிப்போய்க் கிடந்தான். டயரை உருவினேன். குட்டி ஜாக்கிய எடுத்தேன். ஸ்டாண்டைக் கொண்டாந்து செவத்துல மாட்டினேன். அப்புறம்..."

"அப்புறம் மறுபடி இறக்கினீங்க" என்றார் சர்வேயர்.

"ஆமா."

சைரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் எத்தனையோ பார்த்தவள்.

"நாலு மணிக்குத்தான் போலீஸுக்குச் சொன்னீங்க" என்றாள் மகள். "இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. மிச்ச நேரம் என்ன பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"எங்க?"

"அவன் பக்கத்துல. கீழ."

அவள் அதை யோசித்தாள்.

"ஒம்பது நாளு" என்றாள். "நீங்க அந்த ஸ்டாண்டை மாட்டினதால ஒம்பது நாளா நான் என்ன நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்ல வந்தேம்மா. கதவு வரைக்கும் வருவேன். தட்டை வெச்சுட்டுப் போயிருவேன்."

"அப்பா எனக்கு எதுக்குப் போன் பண்ணாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருந்தாரா?"

"இல்லம்மா. தெரியாது."

தண்ணிக்காரர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருக்கலாம் என்று சர்வேயருக்கு ஒரு கணம் தோன்றியது. நல்லதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க முடியாது.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் தண்ணிக்காரர். "எல்லாத்தையும் சொல்லிடுறேன். போன் வந்ததையும், எடுக்காம விட்டதையும். என்ன பண்ணணுமோ பண்ணட்டும்." அவர் குரலில் ஏதோ இறங்கியிருந்தது. ஒன்பது நாள் சுமந்ததை எங்கே வைப்பதென்று தெரிந்துவிட்ட குரல்.

மகள் அவரையே பார்த்தாள். கோபமாக இல்லை. பொறாமைப்படுகிறவள் மாதிரி இருந்தது.

"போங்க மாமா" என்றாள். "உங்களுக்காவது போய்ச் சொல்றதுக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கு."